செத்தவர் போனில் வந்த நெட்

"ஐயோ... மொதலாளீ...!"

பள்ளிபாளையம். கந்தவேலின் விசைத்தறிக் கூடம். நூல் மூட்டைகளுக்கு நடுவே கந்தவேல் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் இரும்புக் கம்பி.

அவருடைய செல்போனைக் காணோம்!

இன்ஸ்பெக்டர் கைலாசம் வந்ததும் நேராக ரஞ்சனியிடம் போனார்.

"காலையில நெட்டுக்காகச் சண்டை போட்டது நீதானம்மா?"

ரஞ்சனி கெங்கவல்லிக்காரி. துணியின் தரம் பார்க்கச் சென்னைக் கம்பெனி இங்கே அனுப்பியிருந்தது. அவள் போனில் சிக்னல் கிடையாது. கந்தவேல் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் அவள் லேப்டாப்பில் நெட்.

"போனோட டீ குடிக்கப் போயிட்டார் சார்! மீட்டிங் அறுந்துபோச்சு. ஏற்கெனவே 'என்ன தறிச் சத்தம்'னு மேனேஜர் தினமும் திட்டறார். கத்தினேன். அதுக்குக் கொலை பண்ணுவாங்களா?"

"இவதானுங்க சார்!" கந்தவேலின் அக்கா மகன் ஜெயபிரகாஷ் மாரில் அடித்துக்கொண்டான். "மாமனைக் கொன்னுட்டாளுங்க. உடாதீங்க!"

அழுகை பெரிது. கண்ணீர்தான் இல்லை.

"ஜீப்புல ஏறும்மா!"

ரஞ்சனி லேப்டாப்பை அணைக்கக் குனிந்தாள். விரல் நின்றது.

"சார்... நெட் வருது!"

"வந்தா வரட்டும்!"

"இது கந்தவேல் சார் போன்ல இருந்து வர்ற நெட்! வாசலைத் தாண்டினாலே கிடைக்காது. எடுத்தவன் இங்கதான் நிக்கிறான்!"

கைலாசம் கந்தவேலின் நம்பரை அழுத்தினார்.

"ரிங் போகுது... ஒரு எழவும் கேக்கலியே!"

தடக்... தடக்... தறிகள்!

கைலாசத்துக்குச் சட்டென்று உறைத்தது.

"தெருவுல ஒரு சாவுன்னாலே தறிய நிறுத்துவீங்களேடா! மொதலாளியே பொணமாக் கெடக்கறாரு. ஓட்டச் சொன்னவன் எவன்?"

தறி ஓட்டும் அப்புசாமி கை நீட்டினார். "ஜெயபிரகாசுங்க. நிறுத்துனா காலை ஒடைப்பேன்னானுங்க."

"ஆ... ஆர்டர் அவசரமுங்க..." ஜெயபிரகாஷ் பின்வாங்கினான்.

"மெயினை எறக்குடா!"

தறிகள் நின்றன.

கிணிங்... கிணிங்...

ஜெயபிரகாஷின் இடுப்பிலிருந்து!

கைலாசம் விட்ட அறையில் அவன் சுருண்டான். "ஏண்டா அதை அணைக்கலே?"

"நான் நூல் திருடுனதை மாமன் அதுல படம் புடிச்சிருந்தாருங்க... செத்தவரு வெரலை வெச்சுத் தெறந்தேன். அணைச்சா மறுக்கா ரகசிய நம்பர் கேக்கும், தெறக்க முடியாதுங்க. அழிக்கறதுக்குள்ள ஆளுக வந்துட்டாங்க..."

"பழியை எம்மேலயா போட்டே, நாயே?"

இரண்டாவது அறை ரஞ்சனியுடையது.

அறுந்த மீட்டிங் தானாக ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பில் சென்னை மேனேஜர் தர்ஷன் சிரித்தார்.

"சபாஷ் ரஞ்சனி! இன்னைக்குத்தான் உங்க பக்கம் சத்தமே இல்லை. தினமும் இதே மாதிரி ஏற்பாடு பண்ணிடுங்க!"