'முன்' என்று எழுதிய பவளம்

"பவளத்தை மாத்தி வச்சது என் தங்கச்சிதான். நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான அக்கா, சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தாள். ஊழியர்கள் கூடியிருந்தபோது தங்கையைப் பித்தலாட்டக்காரி என்று சொல்லியாகிவிட்டது. வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துதான் பாக்கி.

மேசையில் கை நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தண்டு. தங்கை கடலில் மூழ்கி, உயிருள்ள பவளத்தைத் துளைத்து எடுத்தது. அக்கா இன்றுதான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். ஒரு முனையில் பழுப்புக் கறை, கவிச்சி வாடை. அருகே மையால் 'முன்' என்று எழுதியிருந்தது.

துப்பறிவாளருக்கு 'நிதானம்' என்றே பெயர். கூட வந்த கொழுந்தியாள் நேர் எதிர்.

"இந்தத் தண்டு என்ன சொல்லும்?" என்றாள் அவள்.

"வருஷா வருஷம் ஒரு அடுக்கு வளரும்," என்றாள் அக்கா. "கடல் சூடானா அந்த அடுக்குல ஸ்ட்ரான்ஷியம்கிற உலோகச் சத்து குறையும், குளிர்ந்தா கூடும். துறைமுக வெப்பமானி வரைபடப்படி கடல் கொதிச்சது சமீபத்துலதான். இதை வச்சு நான் போட்ட வெப்ப வரைபடத்துல அந்தச் சூடு பழைய அடுக்குல இருக்கு. அப்போ இது வேற பவளம்."

"கேஸ் முடிஞ்சுது அத்தான்! டீ சொல்லுங்க."

"உனக்கு டீயிலேயே கண்ணு." நிதானம் தண்டை முகர்ந்தார். "தங்கச்சியைக் கூப்பிடுங்க."

தங்கை கதவருகிலேயே நின்றாள்.

"'முன்'னுன்னா என்னம்மா?"

"முன்பக்கம். கடலைப் பார்த்த பக்கம். அங்கேருந்துதான் அளக்கறதுக்கு வரிசையாப் பொடி எடுத்தேன்."

நிதானம் அக்காவிடம் திரும்பினார். "நீங்க?"

"முன்... முந்தின வருஷங்கள்னு." அக்காவுக்குக் காது சுட்டது.

"பவளத்துக்கு உயிர் வெளித்தோல்லதான். இந்தக் கறையும் வாடையும் அதோட மிச்சம். அப்போ 'முன்'தான் கடைசியா வளர்ந்த முனை. யாரும் எதையும் மாத்தலை. நீங்க வருஷங்களைத் திருப்பிப் போட்டுட்டீங்க."

கொழுந்தியாள் பவளத்தின் வெப்ப வரைபடத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, துறைமுக வரைபடத்தின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேடும் பள்ளமும் அச்சாகப் பொருந்தின. அவளே டீயை மறந்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"மன்னிச்சிடுடி." அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எல்லார் முன்னாடியும் சொன்னியே. அந்த முன்னுக்கு மட்டும் உனக்கு அர்த்தம் தப்பலை."

அக்கா தலைநிமிரவில்லை. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். ஊழியர்கள் எல்லோரையும் உள்ளே வரச் சொன்னாள்.