இடது மூலைப் பாரம்

லோரி பட்டறைக்குள் நின்றிருந்தது. முன்விளக்குகளைப் போட்டுவிட்டு அவற்றின் முன்னால் நின்று கவனித்துக்கொண்டிருந்தான் தோட்டத்து மெக்கானிக் கிரகரி. பின்பக்கம் யாரோ ஏறி உட்கார்வதைப் போல ஸ்பிரிங் பட்டை மெல்ல முனகியது. விளக்குகள் அணைந்தன. அவன் சுற்றிப் போய்ப் பார்ப்பதற்குள் மறுபடி எரிந்தன. பின்னால் யாரும் இல்லை.

பல நாட்களாக இதே விளையாட்டு. பேட்டரி, சுவிட்ச், பல்பு எல்லாம் மாற்றியாகிவிட்டது. தேடும்போது ஒளிந்துகொண்டு, சாலை வளைவில் வெளியே வரும் பழுது அது. அவன் மனைவி பிலோமிக்கு மாதம் நிறைந்திருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தானா ராத்தா ஆஸ்பத்திரியில்தான் பேறு பார்க்க வேண்டும் என்று தோட்டத்து மருந்தக டிரஸ்ஸர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். அதில் விளக்கு அணைந்தால் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாது.

லோரியை முன்பு ஓட்டிய லியோனார்டிடம் போய்க் கேட்டான். ஓட்டுவதை விட்டுவிட்டு இப்போது புல் வெட்டப் போகிறவர். அவர் மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மொதல்ல பாடிய எறக்கு தம்பி. அதுவரைக்கும் லைட்டு நிக்காது."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பட்டறைக்காரனுக்குப் பாடி என்றால் லோரியின் பின்பக்கத்துப் பலகைக் கூடு. கிரகரி போல்ட்டுகளைக் கழற்றி அதை இறக்கினான். இடது மூலையின் அடியில் பேட்டரியின் எர்த் வயர், தொட்டால் உதிர்ந்துவிடும் அளவுக்கு நைந்து கிடந்தது. கூட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு ஏறி வலது பக்கம் உட்கார்ந்தான். விளக்கு எரிந்தது. நடுவில் உட்கார்ந்தான். எரிந்தது. இடது மூலையில் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் தாழ்ந்து, பலகை வயரை அழுத்தி, விளக்கு போய்விட்டது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஓர் ஆள் பாரம், அவ்வளவுதான். அப்படியானால் காலையில் அங்கே உட்கார்ந்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதை ஸ்பேனர்களோடு சேர்த்துப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

புது வயர் ஈப்போவிலிருந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. அதற்குள், வயரைக் கண்டுபிடித்த அன்று பிற்பகலே பிலோமிக்கு வலி கண்டுவிட்டது. துணைக்கு வருவதாகப் பக்கத்து வீட்டு வேலம்மா பின்னால் ஏறப் போனாள். கிரகரி தடுத்துவிட்டான். பின்னால் ஆளே கூடாது.

"புள்ளத்தாச்சிக்குத் தொண வேணாமாம், லோரிக்கு வலிக்குமாம்லா," என்று அவள் முணுமுணுத்தது இஞ்சின் சத்தத்தில் அமுங்கியது.

ரிங்லெட்டைத் தாண்டியதும் பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஈர மண்ணின் வாடையும் டீசல் வாடையும் பிலோமியின் நெற்றியில் பூசிய தைலத்தின் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. அவள் வலியை அடக்கி அடக்கி விடும் மூச்சை இவன் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டே ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டிருந்தான். விளக்குகள் நின்று எரிந்தன. நிம்மதியாக இருந்தது.

பின்னால் ஸ்பிரிங் முனகியது.

இருட்டு.

பிரேக்கை மிதித்தான். டீசல் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னால பாரமே இல்லையே. லியோனார்ட் அண்ணன் சொன்ன மாதிரி பாடிய எறக்கிக்கூடப் பாத்துட்டேன்," என்றான்.

பிலோமி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவரு பலகையச் சொல்லலங்க, பொணத்தச் சொன்னாரு. நீங்க இந்த எஸ்டேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நவமணி அக்காவ இந்த லோரியிலதான் கொண்டு போனாரு. இதே மாதிரி வலி. வழியிலயே போயிட்டாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் போகல. பாதியிலயே லோரியத் திருப்பிட்டாரு."

"எங்க படுத்திருந்தாங்க?"

"படுக்கல. மூலையில சாஞ்சி உக்காந்திருந்தாங்க."

எந்த மூலை என்று அவன் கேட்கவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். பலகையெல்லாம் ஈரம். வெறுமை. டார்ச்சைக் கீழே இறக்கினான். இடது ஸ்பிரிங் மட்டும் தாழ்ந்து வளைந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்ந்தது. மெதுவாக. பாரம் இறங்கியதைப் போல.

முன்னால் விளக்குகள் எரிந்தன.

ஓடினான். கதவைத் திறந்தான்.

பிலோமி இடதுபுற ஜன்னலோரத்தை விட்டு அவனுடைய சீட்டுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் விட்டு வந்த இடத்தில் மெத்தை இன்னும் குழிந்தே இருந்தது. அவள் முகத்தில் வலி இல்லை.

"ஏறுங்க," என்றாள். "அக்காவுக்கு எடம் விட்டுட்டேன்."

முன்னால் பனி முழுக்க வெளிச்சம். விளக்கு இமைக்கவே இல்லை. பிலோமியின் வயிற்றின் மேல் சேலை அழுந்தத் தொடங்கியது. ஒரு விரல். இன்னொன்று. பிறகு உள்ளங்கை முழுவதும்.