நாலு கோடு சிக்னல்

விடிந்ததும் உடையப்பன் வீட்டுக் கூரைமேல் ஏறி, வலது காலைத் தூக்கி மேற்கே நீட்டினான். வீடு அதுபாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சூரியத்தகடுகள். நடுவில் ஒரு மண்பாதை. பாதையில் அவன் வீட்டுக்குப் பின்னால் இன்னும் பத்து வீடுகள், கோயிலுக்குப் போகிற வரிசைபோல உருண்டு வந்தன. எட்டாவது வீட்டுக் கொடியில் துணி காய்ந்தது.

தகடுகளில் படியும் உப்புத்தூசியைத் துடைப்பது அந்தப் பதினொரு வீட்டாரின் வேலை. முதலில் எந்திரக் கைகளைத்தான் வைத்துப் பார்த்தார்கள். மூன்றே மாதத்தில் அவை துருப்பிடித்தன. மனிதக் கை துருப்பிடிக்கவில்லை. அந்தத் தகட்டு வயல் முடிகிற இடம் கிடையாது என்பதால் வேலைக்காரர்களை வீட்டோடு நகர்த்திவிட்டார்கள். உருளகம் என்று தாளில் எழுதினார்கள். இருந்தவர்கள் வீடு என்றுதான் சொன்னார்கள்.

காலைத் தூக்கியதற்குக் காரணம் உண்டு. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின்மேல், நெல்மணி அளவில் ஒரு சில்லு எல்லோருக்கும் புதைத்திருந்தார்கள். அதன் பெயர் எலும்பலை. பேச்சில் பழைய ஹாட்ஸ்பாட்தான். கையில் வைத்தால் வேலையில் அடிபடும், தலையில் வைத்தால் சுமையில் அடிபடும் என்று ஆராய்ந்து காலில் வைத்தார்கள். காலில் தினமும் அடிபட்டது.

தூரத்துக் கோபுரத்தின் அலையை உடையப்பனின் எலும்பு பிடிக்கும். அவன் வீட்டு ரவுட்டர் அதை வாங்கிப் பெருக்கும். பின்வீட்டு இருளாயியின் எலும்பு ரவுட்டரிலிருந்து வாங்கும். அவளிடமிருந்து அவள் வீட்டு ரவுட்டர், அதிலிருந்து அடுத்த வீடு. இப்படியே பதினொன்றாவது வீடு வரை போகும். ஆக, பதினொரு வீட்டுக்கும் ஆதாரம் உடையப்பனின் வலது கால். அந்தக் காலுக்கு ஐம்பத்து நாலு வயது.

அலை போய்ச் சேராவிட்டால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று பொருள். தினமும் காலையில் எலும்பை இரண்டு தட்டுத் தட்டினால், ‘இருக்கிறேன்’ என்ற இருப்புச் சைகை தலைமையகத்துக்குப் போகும். ஆயிரம் நாள் ஒரு நாளும் விடாமல் போனால் நிலைச்சீட்டு கிடைக்கும். வீட்டின் சக்கரத்தைக் கழற்றி மண்ணில் இறக்கிவைத்துவிடுவார்கள். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். உடையப்பனுக்கு அன்று தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாவது நாள். நிற்கிற வீட்டில் ஒரு நாள் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோடு சிக்னல். கால்மணி நேரம் காலைத் தூக்கி நின்றும் சைகை போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே விருமாயி, தன் புருஷன் கூரைமேல் நாய்போலக் காலைத் தூக்கி நிற்பதை எட்டாவது வீட்டுக்காரி படம் பிடிக்கிறாள் என்று சொன்னாள்.

“நமக்குத்தான் ஒரு கோடு. இருளாயி மதினிக்கு நாலு கோடு வருது. நம்மகிட்ட வாங்குறவளுக்கு நாலு, குடுக்குற நமக்கு ஒண்ணு. இது என்ன நியாயம்?”

உடையப்பனுக்கும் அது பல நாளாக உறுத்தல்தான். இருளாயி தன் காலை எட்டடி தூரத்திலுள்ள அவன் ரவுட்டரோடு இணைத்திருந்தாள். அந்த நாலு கோடும் எட்டடிக்கு உண்டானவை. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கோடு என்றால் கோடு. நாலு என்றால் ஒன்றைவிட அதிகம்.

அவன் இறங்கி நடந்து, பின்வீட்டுப் படியில் கால் வைத்து, தயங்கித் தயங்கி அவள் அலையைக் கேட்டான். இருளாயி மறுக்கவில்லை. பார்க்கப்போனால் அவள் அதற்காகவே காத்திருந்தவள். குழம்பு வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்காத வம்சம் அவளுடையது. ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் அனுப்புவாள். ஒன்றரை வருஷமாக அவன் அலையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லையே என்று அவளுக்கு மனக்குறை.

“கேக்கணுமாண்ணே? ஒங்களத நான் வாங்கிக்கிறேன், என்னோடத நீங்க வாங்கிக்கங்க. இப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு.”

உடையப்பன் ரவுட்டரின் திரையை எழுத்துக் கூட்டிப் படித்து, தன் எலும்பின் பெயரை அழித்து, இருளாயியின் எலும்பின் பெயரைப் போட்டான். உடனே நாலு கோடு. காலைத் தட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் ‘பெறப்பட்டது’ என்று பச்சைக்குறி வந்தது. காலைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை. விருமாயி அன்று பாயசம் வைத்து, இருளாயியின் பாத்திரத்தில் ஊற்றி அனுப்பினாள்.

அவன் ரவுட்டர் இருளாயியிடம் வாங்கியது. இருளாயி அவன் ரவுட்டரிடம் வாங்கினாள். கோபுரத்திடம் யாரும் எதுவும் வாங்கவில்லை. சைகை வந்தால் ‘பெறப்பட்டது’ என்று ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த மூன்று வாரமும் அந்த வரிசை இதுவரை காணாத சுகத்தில் இருந்தது. பதினொரு வீட்டிலும் நாலு நாலு கோடு. காலையில் வரிசையிலிருந்த இருபத்தொன்பது பேரும் இருபத்தொன்பது பேருக்கும் பூப்போட்ட காலை வணக்கம் அனுப்பினார்கள். ஆறாவது வீட்டுச் சன்னாசி, வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் முட்டிவலி போகும் என்று ஒரு செய்தி அனுப்பினான். அது சுற்றிவந்து நாலாம் நாள் அவனுக்கே வந்தது. ஊர் உலகமே சொல்கிறதே என்று அவன் வெந்தயம் குடிக்கத் தொடங்கினான். ஆட்சியைப் பற்றிச் சண்டை நடந்தது, இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், சமாதானம் ஆனார்கள். வெளியிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. விருமாயிக்கு மட்டும் தேனியிலிருக்கும் தங்கை பதில் போடவில்லை என்று வருத்தம். அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

ஆயிரமாவது நாள் காலை பத்து மணிக்குக் கங்காணி வந்தது. மேற்பார்வை எந்திரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. மூன்று சக்கரத்தில் வந்து உடையப்பன் எதிரே நின்றது. அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிலைச்சீட்டை வாங்கத் தயாராக இருந்தான்.

“இந்த வரிசையில் இருபத்தொரு நாளாக ஆள் இல்லை” என்றது கங்காணி.

“நான் இங்கனதான நிக்கிறேன்?”

“நிற்பது எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிவது பதிவில் சேராது.”

“அப்ப இந்தத் தகடெல்லாம் யாரு தொடச்சது?”

“காற்று என்று பதிவாகியிருக்கிறது.”

பிறகு அது சோதித்துப் பார்த்து நடந்ததைச் சொன்னது. இரண்டு வீடும் ஒன்றிடம் ஒன்று வாங்கியதில், இருபத்தொரு நாள் சைகையும் வெளியே போகாமல் உடையப்பனின் ரவுட்டரில் தேங்கிக் கிடக்கிறது. தேங்கியதை இருபத்தொரு நாள் வரை ஏற்பார்கள். அன்று நண்பகலோடு கெடு முடிகிறது. அதற்குள் யாராவது ஒருவர் பழையபடி கோபுரத்தோடு இணைய வேண்டும். இல்லையென்றால் பதினொரு வீட்டுக்கும் நாளை மறுபடி ஒன்றாம் நாள்.

வரிசையே கூடிவிட்டது. எல்லோருக்கும் பதைப்பு இருந்தது. ஆனால் கோபுரத்தோடு இணைகிற வீட்டுக்கு ஒரு கோடுதான் வரும் என்று கங்காணி சொன்னதும் கூட்டம் அமைதியானது. சன்னாசிக்கு முட்டிவலி இருந்தது. எட்டாவது வீட்டுக்காரி, வரிசைக்குள் சுற்றிய ஒரு படத்தைத் தான் பாதி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மற்றவர்கள் மணியைப் பார்த்தார்கள், பிறகு உடையப்பனின் காலைப் பார்த்தார்கள்.

உடையப்பன் ரவுட்டர் பக்கம் போனபோது இருளாயி குறுக்கே வந்தாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

“நான் குடுத்தத வேண்டாம்னு திருப்பிக் குடுக்கப் போறீகளாண்ணே? அத்தன பேரு முன்னால?”

“தங்கச்சி, ஒன்னோடது வெறும் பாத்திரம்மா. என்னோடதும் வெறும் பாத்திரம். ரெண்டையும் மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கோம்.”

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உடையப்பன் அவள் பெயரை அழித்துத் தன் எலும்பின் பெயரைப் போட்டான். நாலு கோடு ஒன்றானது. கூரைமேல் ஏறிக் காலைத் தூக்கினான். பதினொன்றரை ஆயிற்று, வட்டம் சுற்றியது. தொடை நடுங்கியது. விருமாயி மேலே ஏறிவந்து அவன் குதிகாலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். எட்டாவது வீட்டுக்காரி படம் பிடிப்பது தெரிந்தும் அவள் தோளை எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அத்தனை சைகையும் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன.

கங்காணி தலைமையகத்தின் தீர்ப்பை வாசித்தது. இருபத்தொன்பது பேருடைய இருப்பும் ஏற்கப்பட்டது. ஒரு சிறு விஷயம் மட்டும் இருந்தது. அன்றன்று போகும் சைகையில் அவரவர் வீட்டு முத்திரை இருக்கும். தேங்கிக் கிடந்து போகும் சைகை, அது தேங்கிய வீட்டின் முத்திரையோடு போகும்.

“ஆகவே இருபத்தொன்பது பேரும் முதல் வீட்டில் குடியிருக்கிறார்கள். மற்றப் பத்து வீட்டிலும் ஆள் இல்லை. ஆளில்லாத வீடு ஓடக் கூடாது. அவற்றின் சக்கரம் கழற்றப்படும்.”

“என் வீடு?” என்றான் உடையப்பன்.

“ஐந்து பேருக்கு மேல் உள்ள வீட்டுக்கு நிலைச்சீட்டு கிடையாது. உங்கள் வீடு ஓடும்.”

மேல்முறையீடு உண்டா என்று விருமாயி கேட்டாள். உண்டு என்றது. ஆயிரம் நாள் ஆகும் என்றது.

அன்று மாலைக்குள் பத்து வீடும் மண்ணில் இறங்கின. அறுநூறு நாள்கூட முடிக்காத இருளாயியின் வீடும் இறங்கியது. அவள் கோபம் தணிந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். நகராத இடத்தில் கோலம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சன்னாசி ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினான். எல்லோரும் உடையப்பனிடம் வந்து, தெய்வமாக வந்து காப்பாற்றினாய் என்று சொல்லிவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினார்கள்.

மறுநாள் விடுமுறை. மனிதருக்குத்தான் விடுமுறை, வீட்டுக்கு இல்லை. விடிந்ததும் உடையப்பனின் வீடு உருளத் தொடங்கியது. அவன் கூரைமேல் உட்கார்ந்து, நின்றுபோன பத்து வீடுகளும் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தான். பக்கத்தில் விருமாயியும் பார்த்தாள்.

வீடு இருநூறு அடி போயிருக்கும். இருளாயி கதவைத் திறந்து வெளியே வந்தாள். காலைத் தட்டிப் பார்த்தாள். இரண்டடி முன்னால் வந்து மறுபடி தட்டினாள். அடுத்து சன்னாசி வந்தான். எட்டாவது வீட்டுக்காரி பாதிப் படத்தைக் கையில் பிடித்தபடி வந்தாள். கிழவர், கைக்குழந்தைக்காரி, காய்ச்சலில் படுத்திருந்தவன் என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் எட்டி நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். வீட்டை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, அதன் வேகத்துக்கே பின்னால் வரிசையாக நடந்தார்கள். கையிலிருந்த திரையை விட்டு ஒருவர் முகமும் நிமிரவில்லை.

“அண்ணே” என்று இருளாயி மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். “கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன். ஒரு கோடுதான் வருது.”

“நான் ஓட்டலம்மா. எத்தன தூரம் இப்படி வருவீக?”

“இந்தா, இந்த வெந்தயச் சேதி மட்டும் அனுப்பிட்டுத் திரும்பிருவோம்.”

நண்பகல் வரை அவர்கள் திரும்பவில்லை. கங்காணி பாதையோரமாக வந்து, வரிசையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, தலைமையகத்தின் பதிவைச் சரிபார்த்தது. பத்து வீட்டிலும் ஆள் இல்லை. பிழை ஒன்றும் இல்லை என்று குறித்துக்கொண்டு போயிற்று.