மூச்சு வாங்கும் வண்டி

ஆம்புலன்ஸ் பட்டறைக்குள் நுழைந்தபோது, சாக்கை விரித்துக் கொஞ்சம் கண்ணயரலாமா என்று மெக்கானிக் யோசித்துக்கொண்டிருந்தார். விடாத மழை. ஊரில் படுத்துக்கொண்ட வண்டியெல்லாம் அவர் தலையில்தான் வந்து விடிந்தது. பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

வண்டியை ஓட்டி வந்தவன் அவர் மனைவியின் தம்பி.

"மாமா, ஏத்தத்துல மறுபடியும் இழுக்கல. போன பட்டறையெல்லாம் ஏர் சென்சார்னு சொல்லி மாத்திட்டாங்க. மாத்தினாலும் அதே கதைதான். உள்ள ஒரு உசிர வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

"சரி மாப்ள, புலம்பாத. பானெட்டத் திற."

எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்று அளப்பதுதான் அந்தச் சென்சாரின் வேலை. அளவு தப்பினால் டீசலும் தப்பும். ஏற்றத்தில் வண்டி சண்டி பண்ணும். அவர் கோளாறு பார்க்கும் ஸ்கேனரை வண்டியில் செருகினார். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். ஓடாத எஞ்சினுக்குக் காற்று ஏது? திரையில் எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

எண் ஏறியது.

இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது.

வெளிக்காற்றோ என்று பட்டறை மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஷட்டரை இறக்கச் சொன்னார். ஒயர்களை மீட்டர் வைத்துப் பார்த்தார், குறையில்லை. புதுச் சென்சாரைப் போட்டார். அதே ஏற்றம், அதே இறக்கம். அலுப்போடு அதைக் குழாயிலிருந்து உருவி வெளியே பிடித்தார்.

பூஜ்யம்.

திரும்பக் குழாய்க்குள் சொருகினார். எண் ஏறியது.

"சென்சார் பொய் சொல்லல மாப்ள," என்றார் தணிந்த குரலில். "காத்து நிஜமாவே போய்ட்டு வருது."

"எஞ்சின்தான் ஓடலையே மாமா?"

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார். கை மெல்ல உள்ளே இழுபட்டது. பிறகு வெதுவெதுப்பாக, ஈரமாக, விரல்களுக்கு நடுவே காற்று வெளியே வந்தது. டீசல் நெடி இல்லை. மருந்து வாசனை. நாள்பட்ட காய்ச்சல்காரரின் வாய்க்கருகே குனிந்தால் வருமே, அது.

பயத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் எண்ணும் நின்றது.

யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது.

"எந்த இடத்துல நிக்குது வண்டி?" அவர் கிசுகிசுத்தார்.

மச்சினன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "மில்லைத் தாண்டி, அந்த மேட்டுல. எப்பவும் அங்கதான். மழை ஆரம்பிச்ச அன்னிக்கு ஒரு அம்மாவ ஏத்திட்டு வந்தேன். மூச்சுத் திணறல். நர்ஸும் கூடவேதான் இருந்தாங்க, ஆக்சிஜனும் ஓடிட்டுதான் இருந்துச்சு. 'வந்துட்டோமா தம்பி, வந்துட்டோமா'ன்னு அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த மேட்டுல கேக்குறத நிறுத்திட்டாங்க."

ஷட்டரில் மழை அறைந்தது. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் ஓடியிருப்பார், இல்லையென்றால் சிரித்து மழுப்பியிருப்பார். இன்று இரண்டுக்கும் தெம்பில்லை. எலும்பு வரைக்கும் அசதி. அந்தக் குழாய்க்குள் கிடந்து தவித்ததும் அதே அசதிதான் என்று பட்டது. குனிந்து, தூக்கம் வராத குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"வந்தாச்சும்மா. இனிமே மேடு இல்ல. இறங்கிக்கோங்க."

எண் சரசரவென்று மேலே போனது. அதுவரை போகாத உயரம்.

பிறகு பூஜ்யம்.

ஆள் இறங்கினால் எழும்புவதுபோல, வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் மச்சினன் போன் பண்ணினான். "மேடு தாண்டிட்டேன் மாமா! வண்டி பறக்குது!"

"போய் நிம்மதியா ஓட்டு," என்று சொல்லிவிட்டு அவர் அன்றைக்குச் சீக்கிரமே பட்டறையைப் பூட்டினார்.

வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் முழங்கால் முனக, ஏறினார். உடம்பு ஓய்ந்திருந்தாலும் மனசு லேசாக இருந்தது. ஒரு உசிரைக் கரை சேர்த்தாயிற்று.

மனைவி கதவைத் திறந்தாள். அவள் பார்வை அவரைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது.

"ஏங்க, வயசானவங்கள முன்னாடி ஏற விடக் கூடாதா? எப்படி மூச்சு வாங்குது பாருங்க, பாவம்."

அவர் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

"யாரு?" என்று கேட்க வாயெடுத்தார்.

"உள்ள வாங்கம்மா, வந்து உக்காருங்க," என்று அவள் சிரித்தபடி வழிவிட்டு ஒதுங்கினாள்.

கூடத்தில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவர் கண்முன்னே, அவளுடைய காதோரத்து முடி மெல்ல முன்னால் இழுபட்டது. பின்னால் பறந்தது.

கொஞ்சம் நின்றது.

மறுபடி இழுபட்டது.