பேடருக்கும் மாரெனுக்கும் இரண்டு துண்டுப் பாண்

மிதுஷாவுக்கு அலுத்துப் போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வெகுநேரமாகக் காத்திருந்தாள். உள்ளே அம்மா நீண்ட பிடி வைத்த வாரியால் சரளைக்கல் பாதையை வாரிக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய வேலை.

பிள்ளைகள் உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மாவும் வீட்டுக்குப் போனதும் தலைக்குத் தண்ணீர் வார்க்காமல் சோபாவில்கூட உட்கார மாட்டார்.

உள்ளேயிருந்து ஒரு முதியவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, வாசல் வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கால் வலிக்கிறதா?" என்று மிதுஷா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கால் கிடக்கட்டும். அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?"

அவர் பெயர் லோரன்ஸ். அமெரிக்காவில், அயோவாவின் ஒரு நாட்டுப்புற மாவட்டத்திலிருந்து வந்திருந்தார்.

"அங்கே முதன்முதலில் குடியேறியவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். இந்த ஊரிலிருந்துதான் போனார். அங்கே மரமே இல்லை. புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினார். முதல் குளிர்காலம் முழுக்கக் கதவுக்குப் பதிலாகப் போர்வைதானாம்."

"பிறகு அவர் இங்கே வரவேயில்லையா?"

"வரவில்லை. அவருடைய அப்பா பேடரும் அம்மா மாரெனும் இங்கேயே இறந்துபோனார்கள். அவர்களுடைய கல்லைத் தொட்டுவிட்டு வா என்று கிளோறியா அக்கா என்னை அனுப்பினாள். அவளுக்குத் தொண்ணூறு வயது. எனக்கு நாளைக்கு விமானம். காலையிலிருந்து தேடுகிறேன், கல்லைக் காணவில்லை."

மிதுஷா அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மா வாரியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அந்தக் காலத்துக் கல் ஒண்டும் இப்ப இல்லைப் பிள்ளை. புதைச்ச நிலத்தின்ரை குத்தகை முடிஞ்சு சொந்தக்காரர் ஒருத்தரும் வராட்டி, கல்லை எடுத்துப்போட்டுப் புல்லுப் போட்டிடுவினம். பாவம் மனிசன். எப்பிடிச் சொல்லப்போறாய்?"

மிதுஷா மென்று விழுங்கிச் சொன்னாள். லோரன்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய முகத்தைப் பார்க்க மிதுஷாவுக்கு அழுகை வந்தது.

"எங்கள் அப்பப்பாவுக்கும் கல் இல்லை," என்றாள். "சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அவர் இறந்த நாளில் அம்மா சமைத்து, முதலில் காகத்துக்கு வைப்பார். காகம் எடுத்தால் அப்பப்பா சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம்."

லோரன்ஸ் நிமிர்ந்து மரங்களைப் பார்த்தார். "இங்கே காகங்கள் இருக்கின்றனவா?"

"நிறைய. ஆனால் கூப்பிட்டவுடன் வராது. டேனிஷ் காகம்."

அவளுடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் வெண்ணெய் பூசிய கறுப்புப் பாண் இரண்டு துண்டு மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"சவக்காலைக்குள்ளை வராதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"அவர் நல்லாக் களைச்சுப்போனார் அம்மா. நானும் வீட்டை போய் முழுகிறன்."

அம்மா கிழவரைப் பார்த்தார். பிறகு, பழைய கல்லறைகள் இருந்த புல்வெளிக்கு இருவரையும் கூட்டிப்போனார்.

லோரன்ஸ் தன் கையாலேயே பாணை வைத்தார். மிதுஷா, "கா, கா," என்று கூப்பிட்டாள். அவரும் கூப்பிட்டார். ஒரு வெள்ளைக் கடற்பறவைதான் வந்தது. அம்மா வாரியை ஓங்கி அதைத் துரத்தினார்.

கடைசியில், சாம்பல் உடம்பும் கறுத்த தலையுமாக ஒரு காகம் இறங்கியது. ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"இது பேடரா, மாரெனா?" என்று லோரன்ஸ் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. பசி கூடின ஆள்."

மற்றத் துண்டு அப்படியே கிடந்தது. லோரன்ஸின் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பேருந்து இல்லை. அம்மாவும் நின்று களைத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மூவரும் அந்தப் பாணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு காகம் வந்தது. பாணை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு எடுத்துக்கொண்டு போனது.

லோரன்ஸ் தொலைபேசியில் அக்காவின் எண்ணை அழுத்தினார்.

"கல்லைத் தொட்டாயா?" என்று அந்தப் பக்கம் ஒரு மெலிந்த குரல் கேட்டது.

"கல் இல்லை, அக்கா."

அவர் வெறும் புல்லைப் பார்த்தார்.

"ஆனால், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்," என்றார் லோரன்ஸ்.