பழைய குழாயும் புதுத் துண்டும்

"குழாய்த் தண்ணியில என் வீட்டுக்காரர் துருப்பிடிக்காம காக்குற மருந்து ஊத்தலையாம். அதனாலதான் வெடிச்சுதாம். உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில கிடக்கிறவர் மேலயே வழக்குப் போடுறாங்க, சார்!"

தொழிற்சாலையின் வெந்நீர்க் குழாய்களைக் கவனிக்கும் ஆபரேட்டரின் மனைவி அவள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வராதா பின்னே? துப்பறிவாளர் அவளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். ‘அவசரம்’ என்று எல்லோரும் அழைக்கும் அவருடைய உதவியாளன் அதற்குள் தெருவில் நின்றான்.

தொழிற்சாலையில் மேலாளரும் ஃபோர்மேனும் காத்திருந்தார்கள். வெடித்த குழாய் தரையில் கிடந்தது. நான்கு மாதம் முன்பு ஃபோர்மேன் மாட்டிய புதுத் துண்டு அது. உள்ளே அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள்.

"நான் நல்லாக் கழுவித்தான் மாட்டினேன். அந்த ஆளு மருந்தே ஊத்தலை" என்றார் ஃபோர்மேன்.

"ஆமா சார், துருதான் அப்பட்டமாத் தெரியுதே!" என்றான் அவசரம்.

"கொஞ்சம் வாயை மூடுறியா? பக்கத்துப் பழைய குழாயைக் கழட்டச் சொல்லு."

கழற்றினார்கள். பதினைந்து வருடக் குழாய், உள்ளே வழவழவென்று இருந்தது. துப்பறிவாளர் புதுத் துண்டின் முனையிலிருந்த ரப்பர் வாஷரை நெம்பி எடுத்தார். அதன் அடியில் விரலால் தேய்த்து முகர்ந்தார். அவர் முகம் சிவந்தது.

"ரெண்டுலயும் ஓடினது ஒரே தண்ணி. மருந்து ஊத்தலைன்னா பழசும் அரிச்சிருக்கணுமே! மருந்தோட ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலை இரும்பைப் பிடிச்சுக்கும், வால் தண்ணியை அண்ட விடாது. நெருக்கமா வரிசை கட்டி நின்னாத்தான் காவல். புதுக் குழாய் உள்ள எண்ணெய் பூசித்தான் வரும். சோடாக் காரம் கலந்த தண்ணியில ஊறவச்சுக் கழுவாம மாட்டினா, எண்ணெய்த் திட்டுல தலைக்குப் பிடி கிடைக்காது. வரிசையில சந்து விழும். அதுல தண்ணி புகுந்து குழி பறிச்சிடும்."

விரலை ஃபோர்மேனின் மூக்கருகே நீட்டினார். "இன்னும் பிசுபிசுக்குது. கழுவின குழாய்ல இது எப்படிய்யா வந்துச்சு?"

ஃபோர்மேன் மேலாளரைப் பார்த்தார். "ஊறவைக்க அரை நாள் ஆகும்னேன். இவர்தான் உடனே மாட்டித் தண்ணி விடச் சொன்னாரு."

அரை நாள்! அதற்காக ஒரு மனிதனை வேகவைத்துவிட்டு, பழியையும் அவன் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "வழக்கை விட்டுடுறோம்மா. இதோட முடிச்சுக்கலாமே."

"எதை முடிக்கிறது?" அவள் குரல் உடைந்தது. "கண்ணு முழிச்சதும் அவர் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘நான் மருந்து ஊத்த மறந்துட்டேனா’ன்னு. நீங்க சொன்னதை அவரே நம்பிட்டாருய்யா! கிளம்புங்க ரெண்டு பேரும். அவர் கட்டில் பக்கத்துல நின்னு, மறக்கலைன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."