சுவரில் நாலாவது நிறம்

படுக்கையறைச் சுவரில், எந்த நிறம் பொருந்தும் என்று பார்க்க, அவள் மூன்று பெயின்ட் திட்டுகள்தான் பூசியிருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தபோது நாலாவதாக ஒன்று இருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வீடு வீடாக மாறி, வீட்டுக்காரர்கள் அடித்துவைத்த பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே குடித்தனம் நடத்தி அலுத்துப்போனவர்கள் அவளும் கணவனும். இப்போது சொந்தமாக வாய்த்திருப்பது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இருவர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும் சமையலறை. சின்ன வீடு என்பதாலேயே நிறத்தில் அவள் விடாப்பிடியாக இருந்தாள். கலர் கார்டை மடியில் விரித்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். "வெள்ளைன்னா வெள்ளைதானே, அதுல என்ன முட்டை ஓட்டு வெள்ளை, மூடுபனி வெள்ளை?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்த கணவன், தன் பங்குக்கு ஒன்றைத் தீட்டிவிட்டான் என்று நினைத்தாள்.

கிட்டே போனாள். பெயின்ட் வாடையே இல்லை. தூங்கி எழுந்த தலையணையில் இருக்குமே, அந்த வாடை. நிறம் கார்டில் இருந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. வெயிலில் அலைகிறவர்களின் சட்டைக்குள் மறைந்திருக்கும் தோலின் நிறம் அது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். ஜன்னல் வெயில் எதிர்ச்சுவரில் விழுந்துகொண்டிருந்தது.

"நானா? நான் பிரஷ்ஷையே தொடல," என்றான் கணவன். "நீயே போட்டுட்டு மறந்திருப்ப."

பேசிக்கொண்டே உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். உடனே எடுத்துவிடுவான் என்று பார்த்தாள். எடுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

மறுநாள் காலையில் பெயின்டர் வந்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். திட்டைப் பார்த்ததும், "இப்படி ஒரு ஷேடே கிடையாதுக்கா, யாரு கலந்து குடுத்தா?" என்று கேட்டபடி தகட்டை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார். பக்கத்துச் சுவரில் கரகரத்த தகடு, அந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் நின்று மெத்தென்று உள்ளே இறங்கியது. அதே நேரம் கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவன் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தபடி முதுகைப் பிடித்துக்கொண்டான்.

பெயின்டர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால்சட்டையில் அதைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார்.

"பட்டி பூசி மூடிடலாம்க்கா. கடைக்குப் போயிட்டு வரேன்."

வரவில்லை. மாலையில் அவளே போன் செய்தாள்.

"உங்க ஏணியும் வாளியும் இங்கயே இருக்கே."

"இருக்கட்டும்க்கா. எனக்கு வேணாம்."

அதன்பின் திட்டு வளர்ந்தது. முட்டை ஓட்டு வெள்ளையை விழுங்கியது, மற்ற இரண்டையும் விழுங்கியது, மூலைவரை பரவியது. அவள் கூடத்தில் படுத்துக்கொண்டாள். கணவனையும் கூப்பிட்டாள், அவன் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். வேலைக்குப் போவதை விட்டான். அவன் பேச்சு குறைந்தது, பிறகு நடமாட்டம். என்ன கேட்டாலும் பதில் வர நேரமாகும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பேசுவதுபோல வரும்.

"டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

"ம்."

"வேற வீடு பாத்துக்கலாங்க. இது வேணாம்."

நெடுநேரம் கழித்து, "இது நம்ம வீடு இல்லையா?" என்றான்.

ஒரு சனிக்கிழமை மாலை அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். கணவன் கட்டிலில் முதுகைக் காட்டியபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் ஏணியில் ஏறி, ரோலரை நனைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள்.

சுவர் நடுங்கியது.

குளிர்ந்த நீர் பட்டதுபோல. மெல்ல. பிறகு, பூசிய இடத்தைச் சுற்றிலும், சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுவர் சிலிர்த்து எழும்பியது.

ரோலர் கைநழுவி விழுந்தது. இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை.

"என்னங்க."

அவன் அசையவில்லை.

"என்னங்க, எழுந்திருங்க. போயிடலாம்."

தோளைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. சட்டைக்குள் தோள் சொரசொரத்தது. காதுக்குக் கீழிருந்து காலர்வரை மயிரிழைபோல் ஒரு விரிசல். கையை எடுத்தாள். விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்தாள். காரை. உலர்ந்த சுண்ணாம்புக் காரை.

முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. உதடுகளுக்கு நடுவே கோடு மட்டும் இருந்தது. திறக்கிற இடம் இல்லை.

அவள் கத்த வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து, சுவரிலிருந்து, மிக அருகில், தூக்கம் கலையாத அவனுடைய குரல் சொன்னது:

"பெயின்ட் சில்லுன்னு இருக்கு. துடைச்சு விடேன்."